முகாமில் பிறந்த எனக்கு அப்பா வழியில் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்த விதம்

நான் 1996இல் தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவமனையில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் இலங்கையில் மன்னார்க்காரர்கள். 1990 ஜூனில் அங்கே சண்டை மறுபடி மூண்டதும் படகேறி ராமேஸ்வரம் வந்தார்கள். மண்டபம் அகதி முகாமில் சில காலம் வைத்திருந்துவிட்டு வேறு மாவட்டத்து முகாமுக்கு அனுப்பினார்கள். இந்தியச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்திருந்தால் பிறப்பே போதும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருந்திருக்க வேண்டும். 2019இல் வந்த திருத்தச் சட்டத்திலும் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடமில்லை. இலங்கைப் பக்கம் பார்த்தால், நான் பிறந்ததே அங்கே எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் முகாம் அட்டையைத் தவிர எந்த நாட்டின் குடியுரிமைக் காகிதமும் என் பேரில் கிடையாது.

இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் (குடியுரிமைச்) சட்டத்தில் 5(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, பிறந்த நேரத்தில் தகப்பன் இலங்கைப் பிரஜையாக இருந்தால், வம்சாவளியாகப் பிரஜையாகலாம். 2003இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியிலும் முடியும். நிபந்தனை ஒன்றுதான்: பிறந்து ஒரு வருடத்துக்குள் அந்த நாட்டில் உள்ள தூதரக அலுவலகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். தவறினால், தக்க காரணம் காட்டி அமைச்சரின் அனுமதியோடு பிறகும் பதியலாம். முகாம்களில் பிறந்த எங்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டாவது வகைதான்.

விண்ணப்பிக்கலாம் என்று நான் சொன்னதும் வீட்டில் முதலில் எழுந்தது பயம். "இதை எடுத்தா நம்மள அனுப்பிடுவாங்களா?" என்று அம்மா கேட்டார். பக்கத்து வீட்டு அண்ணன், இந்தியக் குடியுரிமை என்றைக்காவது கிடைக்கிற வாய்ப்பும் இதனால் போய்விடும் என்றார். இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பது வருடம் ஒரே இடத்தில் வேர் விட்டவர்களின் கவலை அது. ஆனாலும் என் முடிவில் எனக்குத் தெளிவு இருந்தது. சான்றிதழ் வாங்குவது வேறு, ஊருக்குத் திரும்புவது வேறு. நாளைக்கு எந்த நாட்டில் வாழ்வேன் என்பதை நான் முடிவு செய்ய வேண்டுமென்றால், முதலில் ஏதாவது ஒரு நாடு என்னைத் தன் ஆள் என்று சொல்ல வேண்டும். நாடற்றவளாக நின்றுகொண்டு எந்தக் கதவைத் தட்டுவது?

சரி, ஆவணங்கள். இந்த வேலையில் பத்தில் ஒன்பது பங்கு அப்பா அம்மாவின் காகிதங்களைச் சேர்ப்பதுதான். பிள்ளையின் உரிமை முழுக்கப் பெற்றோரின் பிறப்புப் பதிவில் தொங்குகிறது. அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் பிறப்புச் சான்றிதழ், அவர்களின் விவாகச் சான்றிதழ், என் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், முகாம் அட்டை. அப்பாவிடம் பழைய இலங்கை அடையாள அட்டை பத்திரமாக இருந்தது. அங்கிருந்து கொண்டுவந்த மற்ற காகிதமெல்லாம் வந்த வழியில் கடலோடு போயிற்று.

மன்னாரில் இருக்கும் சித்தப்பாதான் பிரதேச செயலகத்துக்கு அலைந்தார். ஒருநாள் போனில் கூப்பிட்டு, "பிள்ளை, கொப்பாட பதிவு கிடக்கு. அம்மாட பதிவைத்தான் காணேல்ல" என்றார். போரில் நனைந்தும் எரிந்தும் போன புத்தகங்கள் அங்கே நிறைய. ஆனால் பதிவுகளின் இன்னொரு படி கொழும்பில், மாளிகாவத்தையில் உள்ள மத்திய ஆவணக் கூடத்தில் இருக்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஆள் பிடித்துத் தேடியதில் அம்மாவின் பதிவு அகப்பட்டது. இதை அழுத்திச் சொல்கிறேன்: ஊர் அலுவலகத்தில் இல்லை என்றதும் பதிவே இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் வந்த அன்று அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தியச் சான்றிதழில் தாய் தகப்பன் பெயரோடு முடிந்துவிடும். இலங்கைச் சான்றிதழிலோ பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்று ஒரு கூண்டு, அதாவது கட்டம். அதற்குக் கீழே, பேரனார் (அங்கே தாத்தாவை அப்படித்தான் சொல்வார்கள்) இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த வருடம், இடம். அதற்கும் கீழே, தகப்பன் இலங்கையில் பிறக்காமல் பூட்டனார் (கொள்ளுத்தாத்தா) அங்கே பிறந்திருந்தால் அவருடைய விவரம். நான் பார்த்தேயிராத அப்பாவின் தாத்தா, பெயரும் பிறந்த ஊருமாகப் பேரனாருக்கான கூண்டில் இருந்தார். பிறப்பைப் பதியும் தாளில் இத்தனை தலைமுறையை எதற்குக் கேட்கிறார்கள் என்பது சட்டத்தைப் படித்த பிறகுதான் விளங்கியது. 1948 சட்டப்படி, அதற்கு முன் அங்கேயே பிறந்த ஒருவர்கூடத் தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். அல்லது தகப்பன் வழிப் பேரனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்களானது இந்த வரியால்தான். எங்கள் முகாமிலேயே மலையக வழியினர் உண்டு. அவர்களுடைய சான்றிதழ்களில் அந்தக் கூண்டு வெறுமையாகக் கிடக்கும். அவர்களுக்கு வழி வேறு: 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததிக்கும் 2003இல் தனிச் சட்டம் வந்தது. 2009இல் அதைத் திருத்தி, போரால் இந்தியாவுக்கு வந்தவர்களையும் சேர்த்தார்கள். உங்கள் குடும்பம் எந்த வகை என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் படிவத்திலேயே தடம் மாறிவிடும்.

எனக்குத் தலைவலி கொடுத்தது பெயர்தான். அம்மாவுக்குச் சான்றிதழில் மூன்று சொற்களில் நீளமான பெயர். நான் பிறந்த மருத்துவமனையின் ஏட்டிலோ கூப்பிடும் பெயரான 'ராணி' மட்டும். வலி எடுத்துப் போனவரிடம் யாரோ பெயர் கேட்டிருக்கிறார்கள், கூட வந்தவர் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல் என் பிறப்புச் சான்றிதழில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நோட்டரியிடம் போய் 'இருவரும் ஒருவரே' என்று அஃபிடவிட் எடுத்தால் போதும் என்று பலர் சொன்னார்கள். நான் அதோடு நிற்கவில்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969, பிரிவு 15இன்படி பதிவிலேயே திருத்தம் செய்ய வழி இருக்கிறது. அம்மாவின் இலங்கைச் சான்றிதழையே ஆதாரமாக வைத்து விண்ணப்பித்தேன். ஓர் அலுவலகத்தில் "அகதிகளுக்கு இதெல்லாம் செய்ய முடியாது" என்றார்கள். சட்டத்தில் அப்படி எங்கேயும் இல்லையே என்று மனுவாக எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிய பிறகு கோப்பு நகர்ந்தது. நாள் பிடித்தது உண்மைதான். ஆனால் பிற்பாடு எந்த மேசையிலும் அம்மாவின் பெயரைப் பற்றி ஒரு கேள்வி வரவில்லை.

அப்பாவின் இனிஷியலும் அப்படித்தான். இங்கே ஒற்றை எழுத்தாகப் போய்விடுவது அங்கே தாத்தாவின் முழுப்பெயர். எல்லாப் படிவத்திலும் விரித்தே எழுதினோம்.

ஏன் இத்தனை வருடம் பதியவில்லை என்பதற்கு ஒரு கடிதம் தர வேண்டும். அமைச்சரின் அனுமதிக்குப் போவது அதை வைத்துத்தான் என்பதால் ஏனோதானோ என்று எழுதக் கூடாது. அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எப்போது, எங்கிருந்து படகேறினார்கள், எந்த முகாமில் எந்த வருடம் இருந்தார்கள், ஆள் சரிபார்ப்பு நாளில் முகாமை விட்டு நகர முடியாத நிலை, சென்னைக்குப் போய்வரக் காசில்லாதது, தூதரகத்தில் பதியலாம் என்று எவரும் சொல்லாதது. அழகுபடுத்தாமல் தேதி வாரியாக இருந்தது கடிதம். கையெழுத்துப் போடும்போது அப்பா, "இதுவரைக்கும் இதையெல்லாம் ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார்.

கோப்பைச் சரிபார்க்க ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துத் தொண்டர்கள் உதவினார்கள். பல முகாம்களில் இந்த வேலையைத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். பிறகு நுங்கம்பாக்கத்தில் உள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் (துணைத் தூதரகத்தில்) அப்பா, அம்மா, நான் மூவரும் போய் மூலப்பிரதிகளைக் காட்டி நகல்களைக் கொடுத்தோம். அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. காகிதம் சரியாக இருந்தால் அது ஒரு வரிசையில் நிற்கிற வேலைதான். அங்கிருந்து கோப்பு இலங்கை போகும். பிரஜாவுரிமையைத் தீர்மானிப்பது பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். காத்திருக்கும் காலத்தில் நான் செய்தது ஒன்றுதான்: கொடுத்த ரசீதின் எண்ணைச் சொல்லி அவ்வப்போது விசாரிப்பது. போன் எண்ணோ முகவரியோ மாறினால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். முகாம் மாற்றல் ஆனவர்களுக்குக் கடிதம் பழைய முகவரிக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

சான்றிதழ் வந்தது. தூதரகப் பிறப்புப் பதிவும் கூடவே. அம்மா பயந்தபடி எங்களை யாரும் எங்கேயும் அனுப்பவில்லை. முகாமில் எங்கள் பதிவு அப்படியே இருக்கிறது. இப்போது இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். சித்தப்பா இருக்கும்போதே மன்னாரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதற்கு இங்கே தனியாக வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும், அது வேறொரு கோப்பு.

தம்பிக்கும் தங்கைக்கும் இதே காகிதங்களை வைத்து விண்ணப்பம் போட்டாகிவிட்டது. பெற்றோர் ஆவணங்களை ஒருமுறை ஒழுங்காக எடுத்துவிட்டால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுவே உதவும். பெற்றோர் உயிரோடு, கையெழுத்துப் போடும் தெம்போடு இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். உங்களுக்குச் சான்றிதழ் கிடைத்த பிறகு குழந்தை பிறந்தால், அந்தக் குழந்தையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் பதிந்துவிடுங்கள். விளக்கக் கடிதமும் வேண்டாம், அமைச்சரின் அனுமதியும் வேண்டாம்.