கடைமடைத் தாலுகாவிலிருந்து வந்த அமைச்சர்

கக்கன் என்று யாராவது பேச்செடுத்தால் உடனே மதுரை அரசு மருத்துவமனைக் கதைதான் வரும். பத்து வருடம் மந்திரியாக இருந்தவர் பொது வார்டில் கிடந்தார், அங்கே சிகிச்சையில் இருந்த அரசியல் தலைவர் மதுரை முத்துவைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர். விஷயம் தெரிந்து ஓடிப்போய்ப் பார்த்தார், அப்புறம் உதவிக்கு ஏற்பாடு செய்தார். நடந்த விஷயம்தான், கேட்கும்போது மனசு கனக்கத்தான் செய்யும். ஆனால் பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் வேலை பார்த்து, அதிலும் மேலூர் பக்கம் பெரியார் பிரதானக் கால்வாயில் நாட்களை ஓட்டி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அந்த மனிதர் எப்படிச் செத்தார் என்று பேசுகிற அளவுக்கு, என்ன வேலை பார்த்தார் என்று நாம் பேசுவதே இல்லை.

1957 ஏப்ரலில் காமராஜர் அமைச்சரவையில் அவருக்குக் கிடைத்த துறை பொதுப்பணி. மின்சாரம் வி.ராமையாவிடம் போய்விட்டது, மற்றபடி அணை, கால்வாய், ஏரி, கட்டடம் எல்லாம் கக்கன். கூடவே அரிஜன நலம். வைகை அணை 1959 ஜனவரி 21 அன்று திறக்கப்பட்டபோது துறை அமைச்சர் அவர்தான். சாத்தனூர், மணிமுத்தாறு என்று மாநிலம் முழுக்க அணை வேலை நடந்த காலம் அது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆபீசில் இருந்த வயதானவர்கள் பலர் அந்தக் காலத்தில் சேர்ந்தவர்கள். அவர்கள் பேச்சில் எல்லாமே 'அணை கட்டும்போது', 'அணை கட்டி முடிச்ச பிறகு' என்றுதான் இருக்கும்.

கால்வாயைக் கொஞ்சம் சொன்னால்தான் நான் சொல்ல வருவது புரியும். வைகை அணையில் 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். அங்கே திறந்துவிட்டால் ஆற்றோடு வந்து பேரணை என்ற இடத்தில் பெரியார் கால்வாய்க்குள் நுழையும். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரைக்கும் 45,041 ஏக்கர், இருபோகம், அதாவது வருடத்துக்கு இரண்டு சாகுபடி. கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பகுதி 85,563 ஏக்கர், ஒருபோகம். மேலே ஜூனில் நாற்றுப் பாவ ஆரம்பித்துவிடுவார்கள். கீழே இருக்கிறவன் செப்டம்பர் வரை வானத்தையும், பேப்பரில் வருகிற பெரியாறு, வைகை நீர்மட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு அணையிலும் சேர்த்து இருப்பு தேறினால் தண்ணீர், இல்லாவிட்டால் அந்த வருடம் வயல் மாட்டுக்கு மேய்ச்சல். இதில் மேலே இருக்கிறவன் ராத்திரியில் ஷட்டரை நாலு விரல் கூடத் தூக்கிவிட்டால் போதும், கடைமடைக்கு, அதாவது கால்வாயின் கடைசிப் பகுதிக்கு, வரவேண்டிய தண்ணீர் பாதி காணாமல் போய்விடும். கால்வாயைக் கண்காணிக்கிற ஊழியரான லஸ்கர் சைக்கிளில் போய்ப் பார்த்து இறக்கிவிட்டு வருவார், விடிவதற்குள் மறுபடி தூக்கியிருப்பார்கள். காலையில் செக்ஷன் ஆபீஸ் வாசலில் கடைமடைக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். கத்துவார்கள், சிலசமயம் அழுவார்கள். ஒரு பெரியவர் கருகின நாற்றை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து என் மேஜை மேல் வைத்துவிட்டு ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருந்தார். அளவுகோலில் எத்தனை அடி ஓடுகிறது என்று அவரிடம் என்ன கணக்குச் சொல்ல முடியும்?

கக்கன் இந்தக் கடைமடைத் தாலுகாக்காரர். மேலூர் பக்கம் தும்பைப்பட்டி. அந்தத் தாலுகாவின் ஆள் ஐந்து வருடம் தண்ணீர்த் துறைக்கே அமைச்சராக இருந்திருக்கிறார், மேலூர் இன்றைக்கும் ஒருபோகம்தான். இதை அவருடைய தியாகம் என்று நான் சொல்லவில்லை, தண்ணீர்க் கணக்கு அப்படி. இருக்கிற தண்ணீரை வைத்து இன்னொரு 85,000 ஏக்கருக்கு இரண்டாவது போகம் கொடுக்க யாராலும் முடியாது, கொடுத்தால் வேறு யாருடைய வாயிலாவது மண். ஆனால் கணக்கு இப்படி இருக்கும்போதே அதைத் தன் ஊருக்காக வளைத்துத் தரச்சொன்ன ஆட்களை என் சர்வீசில் நிறையவே பார்த்திருக்கிறேன். மந்திரி எல்லாம் இல்லை, ஒன்றியத்து அளவில் செல்வாக்குள்ள ஆள் கூட போன் செய்து 'நம்ம பக்கம் ரெண்டு நாள் கூட விடுங்க' என்பார். முடியாது என்றால் அடுத்த வாரம் மாறுதல் உத்தரவு பற்றிப் பேச்சு அடிபடும். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற வேலையில் இருக்கிறவனுக்கு மேலே இருந்து எதுவும் வராமல் இருப்பதுதான் பெரிய உதவி. அந்தக் கண்ணோடு பார்த்தால் மேலூர் ஒருபோகமாகவே இருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. மருத்துவமனைக் கதையை விடப் பெரிய விஷயம் என்று கூடச் சொல்வேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பல ஊர்களில் கண்மாய் மடையைத் திறந்து, வரப்பு வரப்பாகப் போய் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நீர்பாய்ச்சி வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அறுவடையில் கூலியாக நெல் அளந்து கொடுப்பார்கள், நிலம் மட்டும் அவர்கள் பேரில் இருக்காது. அதே மக்களில் ஒருவர்தான் கக்கன். 1939 ஜூலை 8 அன்று மதுரை காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனவர்களில் அவரும் ஒருவர். அதுவரை அந்த வாசலைத் தாண்டக்கூடாது என்று வைத்திருந்த சமூகத்து ஆள் இருபது வருடத்துக்குள் மாநிலத்தின் அணைகளுக்கெல்லாம் பொறுப்பாக உட்கார்ந்தார். அரசியல் நிர்ணய சபை, 1952ல் மக்களவை, காங்கிரஸ் கமிட்டித் தலைவர் பதவி என்று நடுவில் நிறைய இருக்கிறது. ஆனாலும் கால்வாய்க் கரையில் நின்று பார்த்தவனுக்கு இந்த ஒன்றுதான் முதலில் கண்ணில் படும்.

1962ல் விவசாயம், 1963 அக்டோபரில் பக்தவத்சலம் முதல்வரானபோது உள்துறை. இந்த இடத்தில் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது, ஆட்கள் செத்தார்கள், அப்போது உள்துறை அமைச்சர் கக்கன். எளிமையானவர், கை சுத்தமானவர் என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. அவரைத் தெய்வமாக்கிப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தொடுவதே இல்லை. எனக்கு அது பிடிக்காது, ஏனென்றால் பதவியில் இருந்தவரை அவர் காலத்தில் நடந்த எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். லஞ்ச ஒழிப்புத் துறை 1964ல் தொடங்கப்பட்டபோதும் உள்துறை அவரிடம்தான் இருந்தது. எந்த அரசு ஆபீசிலும் 'விஜிலென்ஸ்' என்று காதில் விழுந்தால் ஒரு நிமிடம் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அது எந்த வருடம் வந்தது, யார் காலத்தில் வந்தது என்று என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது.

1967ல் மேலூர் தெற்கில் தி.மு.க.வின் ஓ.பி.ராமனிடம் தோற்றார். காமராஜரே விருதுநகரில் தோற்ற தேர்தல். அதற்குப் பிறகு வாடகை வீடு, பஸ் பயணம். 1981 டிசம்பரில் காலமானார். இதையெல்லாம் பாடம் மாதிரி எல்லோரும் ஒப்பிக்கிறோம். ஒப்பிக்கும்போது கொஞ்சம் சந்தோஷமும் படுகிறோமோ என்று எனக்குச் சந்தேகம். நேர்மையாக இருந்தால் கடைசியில் இப்படித்தான் பொது வார்டு என்று ஒரு எண்ணம், சின்னப் பையன்களுக்குக் கூட வந்துவிட்டது. எனக்குக் கீழே புதிதாகச் சேர்ந்த ஒரு உதவிப் பொறியாளர், ஒப்பந்ததாரர் நீட்டின கவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். நல்ல பையன். பக்கத்தில் இருந்த ஒருவர் 'என்ன தம்பி, கக்கன் ஆகப்போறியா?' என்று கேட்டார். அந்தப் பையன் முகம் சுருங்கிப்போனது. அவர் பேரை அப்படிப் பயன்படுத்தியது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பத்து வருடம் அமைச்சர், அதில் ஐந்து வருடம் அணையும் கால்வாயும் கையில் வைத்திருந்த ஒரு ஆளின் பேர் அது.

என் ஆசை ஒன்றுதான். பாசனப் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி நடக்கிறதல்லவா, கான்கிரீட், மண் பரிசோதனை, டெண்டர் விதி என்று எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். அதில் ஒரு அரைநாள் ஒதுக்கி 1957 முதல் 1962 வரை பொதுப்பணி மானியக் கோரிக்கைகள் மேல் நடந்த சட்டமன்ற விவாதங்களைப் படிக்கக் கொடுக்கலாம். அச்சில் இருக்கின்றன, தேடி எடுக்க வேண்டியதுதான்.