அடையாறும் கூவமும்: ஒரு சர்வர் அறை நாட்குறிப்பு

மே 12, திங்கள்

கிண்டி தொழிற்பேட்டை. வெளியே அக்னி நட்சத்திரம் கொளுத்துகிறது, சர்வர் அறைக்குள் பல் கிட்டுகிறது. இந்த அலுவலகத்தின் பில்லிங் முழுக்க ஒரே சர்வரில் ஓடியது. போன மாதம் அது ஒரு நாள் படுத்துக்கொள்ள, இரண்டு வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

முதல் வாக்குவாதமே பெயரில்தான். 'பிரைமரி', 'செகண்டரி' என்று வைக்கச் சொன்னார் மேனேஜர். "சார், பிரைமரி விழுந்து செகண்டரி வேலையை எடுத்துக்கிட்டா, இப்போ செகண்டரிதான் பிரைமரின்னு ராத்திரி 2 மணிக்கு போன்ல எப்படி விளக்குறது?" என்றேன். பொறுப்பு கை மாறும், பெயர் மாறாது. கூட வந்த தம்பி, "அடையாறு, கூவம்னு வெச்சிடலாம்ணா" என்றான். கூவம் என்றதும் மேனேஜர் மூக்கைச் சுளித்தார், ஆனால் மறுக்கவில்லை.

மே 13, செவ்வாய்

ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்று அலுவலக ஸ்விட்சுக்கு: அடையாறு 192.168.10.11, கூவம் 192.168.10.12. மற்றது இரண்டு சர்வரையும் நேருக்கு நேர் இணைக்க: 10.10.10.1, 10.10.10.2. அந்தப் பக்கம் கேட்வே, அதாவது வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசல், கிடையாது. அதிலும் ஒரு கேட்வே கொடுத்தால், வெளியே போக இரண்டு வழி உருவாகி பாக்கெட்டுகள் திணறும். ஊழியர்களின் கணினிகளுக்கு இந்த நான்கு எண்களும் தேவையில்லை. அவர்கள் தேடுவது 192.168.10.10 மட்டும். எந்த சர்வர் பொறுப்பில் இருக்கிறதோ அதன் தோளில் அந்த எண் ஏறிக்கொள்ளும்.

நேரடி கேபிளுக்குத் தம்பி வைத்த பெயர் 'பக்கிங்ஹாம் கால்வாய்'. ஊரிலும் இரண்டு ஆற்றையும் இணைப்பது அதுதானே. கேபிள் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போனால், கடைக்காரர் கிராஸ் கேபிள்தான் வேண்டும் என்று சாதித்தார். ஜிகாபிட் கார்டுகள் கம்பி மாறியிருந்தால் தாமாகவே சரிசெய்துகொள்ளும். சாதா கேபிளே வாங்கி வந்தேன்.

மதியத்துக்கு மேல் ஒரு குழப்பம். அடையாறில் இரண்டாவது கார்டின் பெயர் ஈஎன்பி3எஸ்0, கூவத்தில் ஈஎன்பி4எஸ்0. பழைய ஈத்0, ஈத்1 காலம் போய்விட்டது. இப்போது லினக்ஸ் கார்டு செருகிய இடத்தைப் பார்த்துப் பெயர் வைக்கிறது, நாங்கள் வேறு வேறு ஸ்லாட்டில் செருகியிருக்கிறோம். ஒவ்வொரு கார்டுக்கும் உள்ள தனி எண்ணான மேக் முகவரியை வைத்து இரண்டிலும் லேன்0, சிங்க்0 என்று நாங்களே பெயரிட்டோம். இனி ஒரே அமைப்பு இரண்டுக்கும் பொருந்தும்.

மே 14, புதன்

முழு நாளும் எழுத்துப் பிழைக்குப் போனது.

இரண்டு சர்வரின் டிஸ்க்கையும் ஒன்றுபோல் வைத்திருப்பது டிஆர்பிடி. அதன் கோப்பில் எழுதும் பெயர், யூநேம் கட்டளை காட்டும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இந்த ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு வழி. அடையாறுக்கு 'டி'க்குப் பின்னால் தம்பி ஒரு 'ஏ' போட்டிருக்கிறான், நான் போடவில்லை. 'இந்த இயந்திரத்தைப் பற்றிக் கோப்பில் எதுவும் இல்லை' என்று அது கைவிரித்துவிட்டது. கோபம் யார்மேல் வருவது? பெயரை ஏற்றுக்கொண்டதே நான்தான்.

அது தீர்ந்தால் அடுத்தது. சர்வர்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ள உதவும் கோரோசிங்க் ஓடுகிறது, ஆனால் ஒவ்வொரு சர்வருக்கும் தான் மட்டுமே கண்ணில் படுகிறது. எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்தால், டெபியன் லினக்ஸ் நிறுவும்போதே 127.0.1.1 என்ற வரியில் சொந்தப் பெயரை எழுதி வைத்திருக்கிறது. பெயரைக் கேட்டால் அது தன்னையே கைகாட்டுகிறது, பிறகு எங்கே போய்ப் பேசும்? அந்த வரியை எடுத்துவிட்டு நிஜ முகவரிகளை இரண்டு பக்கமும் எழுதியதும் பேச ஆரம்பித்தன. டீ குடிக்கப் போனபோது மணி ஆறரை.

மே 16, வெள்ளி

சோதனை. கால்வாய் கேபிளைத் தம்பி பிடுங்கினான். இரண்டும் 'மற்றது செத்துவிட்டது' என்று நம்பி, இரண்டுமே 192.168.10.10-ஐ எடுத்துக்கொண்டன, இரண்டுமே டிஸ்க்கில் எழுதின. ஸ்ப்ளிட் பிரெயின். கேபிளைத் திரும்பச் செருகினால் டிஆர்பிடி சேர மறுத்துத் தனித்தனியாக நிற்கிறது. யாருடைய எழுத்தைத் தூக்கிப் போடுவது என்று மனிதன்தான் சொல்ல வேண்டும். நல்ல வேளை, சோதனைத் தரவு. கூவத்துடையதை விட்டுக்கொடுத்தோம்.

தவறு என்னுடையதுதான். இருவரும் 'இருக்கியா' என்று விசாரித்துக்கொள்ள ஒரே வழிதான் வைத்திருந்தேன். இப்போது அலுவலக ஸ்விட்ச் வழியாக இன்னொன்றும் உண்டு.

மே 19, திங்கள்

கால்வாயைப் பிடுங்கினேன். யாரும் பதறவில்லை. செருகி, டிஸ்க்குகள் சேரும்வரை காத்திருந்து, அடையாறின் மின்சாரத்தை அணைத்தேன். 'இருக்கியா' என்று 192.168.10.10-ஐக் கேட்டுக்கொண்டே இருந்த பிங்கில் ஏழு பதில் தவறியது, எட்டாவது கூவத்திலிருந்து வந்தது. பில்லிங் திரை திறந்தது. மேனேஜர் கைதட்டினார்.

இரண்டு வழியும் ஒரே நேரத்தில் போனால்? அப்போது ஒன்று மற்றதன் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் பொறுப்பேற்க வேண்டும். அதற்கான தனி மேலாண்மை போர்ட் இரண்டு சர்வரிலும் இருக்கிறது, ஸ்விட்சில்தான் இடமில்லை. நாளைக்கு மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட், ஒரு 8 போர்ட் ஸ்விட்ச். கால்வாய் கேபிளில் தம்பி 'பிடுங்காதே' என்று எழுதி ஒட்டியிருக்கிறான்.