கொட்டாஞ்சேனை இரண்டு

2025 பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தின லீவு. காலி வீதியில் ஹோர்ன் சத்தம் குறைவு, வெள்ளவத்தையில் இப்படி ஒரு காலை கிடைப்பதே அரிது. இருந்து யோசித்து முடிவெடுத்துவிட்டேன். பலசரக்குக் கடைக்குச் செய்யும் டெலிவரி ஆப்பின் சேர்வரும் ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில்தான்.

ஆண்ட்ராய்ட் பக்கம் எழுதும் தம்பிக்குப் போனில் சொன்னேன். சிரித்தான். "என்ன அண்ணா, ஐபோன் பாஷையில சேர்வரா?"

2014இல் ஆப்பிள் அதை வெளியிட்டபோது அப்படித்தான் இருந்தது. 2015 டிசம்பர் 3ஆம் திகதி மூலநிரலைத் திறந்துவிட்டபோதே லினக்ஸுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். இன்று விண்டோஸிலும் ஓடுகிறது. சேர்வர் எழுத வேப்பர் என்ற கட்டமைப்பு இருக்கிறது, அதற்கு அடியில் நெட்வொர்க் வேலையைப் பார்க்க ஆப்பிளே 2018இல் கொடுத்த ஸ்விஃப்ட்நியோ இருக்கிறது. எல்லாம் சொன்னேன். அவன் விடவில்லை. "ஐபிஎம் ஸ்விஃப்ட் சேர்வருக்கு கிட்டூரா எண்டு ஒண்டு செய்து, பிறகு விட்டிட்டுப் போட்டுதாமே?" உண்மைதான், 2019 கடைசியில் கைவிட்டார்கள். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

என் காரணம் சின்னது. போன வேலையில் விலைக் கணக்கை ஆப்பில் ஒரு தரமும் ஜாவாஸ்கிரிப்டில் ஓடும் நோட் சேர்வரில் ஒரு தரமும் எழுதினேன். சதத்தை முழுமைப்படுத்துவதில் இரண்டும் ஒத்துவரவில்லை. ஆப் சொன்ன தொகை ஒன்று, பில்லில் வந்தது இன்னொன்று. ஒரு ரூபாய்தான் வித்தியாசம், ஆனால் ஒரு ரூபாய்க்குத்தான் ஆட்கள் போன் எடுத்துச் சண்டை பிடிப்பார்கள். இந்த முறை விலை, கழிவு, இடத்துக்கான கூலி எல்லாம் ஒரே பாக்கேஜ். ஐபோன் ஆப்பும் சேர்வரும் அதையே எடுக்கும். ஆண்ட்ராய்ட்காரன் கொட்லின் மொழியில் தனியாகத்தான் எழுத வேண்டும். கடை வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்ட்ராய்ட் என்பதை இப்போதைக்கு நினைக்காமல் இருக்கிறேன்.

பெப்ரவரி 6, வியாழன்

மேக்கில் ஓடியது லினக்ஸில் கம்பைல் ஆகவில்லை. எஸ்எம்எஸ் அனுப்பும் இடத்தில், இணையத்தோடு பேசும் யூஆர்எல்செஷனைத் தெரியாது என்கிறது. லினக்ஸில் அது ஃபவுண்டேஷன் என்ற அடிப்படை நூலகத்துக்குள் இல்லையாம், ஃபவுண்டேஷன்நெட்வொர்க்கிங் என்று தனியாக இம்போர்ட் பண்ண வேண்டும். ஒரு வரி வேலை, ஒன்றரை மணித்தியாலம் போச்சு.

அதை முடித்து வாடகைச் சேர்வரிலேயே பில்ட் போட்டேன். 1 ஜிபி ராம். ராம் போதாமல் பாதியில் கேர்னல் கம்பைலரின் கழுத்தைப் பிடித்துவிட்டது.

பெப்ரவரி 9, ஞாயிறு

பதினொன்றரை போல நாடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. பின்னேரம் குரங்குதான் காரணம் என்று செய்தி வந்தபோது அம்மா நம்பவில்லை, நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார்.

லப்டொப்பில் 80 வீதம் பற்றரி. அதற்குள் செய்த வேலை இந்த வாரத்திலேயே உருப்படியானது. ஸ்விஃப்ட் 6 உடன் வந்த ஸ்டாட்டிக் லினக்ஸ் எஸ்டிகேயை இறக்கி, மேக்கிலிருந்தே இன்டெல் லினக்ஸுக்கு பில்ட் போட்டேன். லினக்ஸின் வழக்கமான சி நூலகமான கிளிபிசிக்குப் பதில் மஸ்ல், எல்லாம் ஒரே கோப்புக்குள். சேர்வரில் ஸ்விஃப்ட் நிறுவவே தேவையில்லை, கோப்பைக் கொண்டுபோய் வைத்தால் ஓடும். போன் ஹொட்ஸ்பொட்டில் ஏற்றியதில் என் டேட்டா பாக்கேஜ்தான் காலி.

பெப்ரவரி 12, புதன்

போயா, பௌர்ணமி லீவு. கடை பூட்டு.

பில் அடிக்கும் குட்டி பிரின்டரில் நீளமான பெயர்களை வெட்ட வேண்டியிருந்தது. பழைய திட்டங்களில் இந்த இடத்தில்தான் மானம் போகும். "தமிழ்" என்ற சொல்லை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் நீளம் 5 என்கும். கொட்லினும் 5. கோ மொழி 15 என்கும், அது பைட்டை எண்ணுகிறது. ஸ்விஃப்டிடம் கேட்டேன்: 3. த, மி, ழ். பாலர் வகுப்புப் பிள்ளை எண்ணுகிற மாதிரி. ஜாவாஸ்கிரிப்டிலும் கொட்லினிலும் நாலில் வெட்டினால் புள்ளி உதிர்ந்து "தமிழ" என்று நிற்கும். இதில் எங்கே வெட்டினாலும் எழுத்து முழுசாகவே வருகிறது.

தம்பிக்கு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினேன். பெருவிரல் ஒன்று வந்தது.

பெப்ரவரி 17, திங்கள்

பின்னேரம் ஆறரைக்கு சேர்வர் விழுந்தது. லினக்ஸில் சேவைகளைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி எழுப்பியது. விழுந்தது. எழுப்பியது. விழுந்தது. ஓர்டர் வருகிற நேரம். முதலாளி கத்தவில்லை, "தம்பி, என்ன மாதிரி?" என்று மட்டும் கேட்டார். கத்தியிருந்தால் பரவாயில்லை.

லொக்கில் ஒரே வரி: ஒரே சாவிக்கு இரண்டு பெறுமதி, 'கொட்டாஞ்சேனை'.

டெலிவரி இடங்களை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலிருந்து எடுத்து, சாவிக்கொரு பெறுமதி வைக்கும் டிக்‌ஷனரியில் போடுகிற இடம் அது. சாவிகள் தனித்துவமானவை என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த இனிஷியலைசர், சாவி இரண்டு தரம் வந்தால் அந்த இடத்திலேயே செத்துவிடும். ஜாவாவில் என்றால் எக்ஸெப்ஷன் ஒரு ரிக்வெஸ்டோடு போயிருக்கும். இங்கே முழு புரொசெஸும் போகிறது, பக்கத்தில் ஒழுங்காகக் காசு கட்டிக்கொண்டிருந்தவனின் ரிக்வெஸ்டையும் இழுத்துக்கொண்டு. சேர்வருக்கு இது கொடுமையான குணம் என்று நான் இன்னமும் சொல்லுவேன்.

ஆனால் இரண்டு எப்படி வரும்? டேபிளில் அந்தப் பத்திக்கு ஒரே பெயர் இரண்டு தரம் வரக்கூடாது என்று யுனிக் போட்டிருக்கிறேனே. இப்போதைக்கு ஓர்டர்தான் முக்கியம், அதனால் ஒரே சாவி இரண்டு தரம் வந்தால் முதலாவதை எடு என்று மாற்றி ஏற்றினேன். எழும்பி நின்றது. இரவு பதினொன்று. கொத்து வாங்கிச் சாப்பிட்டு அப்படியே படுத்துவிட்டேன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

காலை டேபிளைப் பார்த்தால் கொட்டாஞ்சேனை நிஜமாகவே இரண்டு. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ஸ்விஃப்டில் இரண்டையும் எண்ணினேன்: 6, 6. யூனிகோட் ஸ்கேலராக, அதாவது தனித்தனிக் குறியீடாக எண்ணினேன்: 12, 13. பைட்: 36, 39.

அந்த ஒன்று 'கொ'வுக்குள் இருந்தது. ஒன்றில் க, அதன்பின் ஒற்றைக் குறியீடாக ொ. மற்றதில் க, பிறகு ஒற்றைக்கொம்பு, பிறகு அரவு. யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம். ஸ்விஃப்ட் அந்த விதியைக் கும்பிட்டு நடக்கிறது, போஸ்ட்கிரெஸ் பைட்டைப் பார்த்து வேறு வேறு என்கிறது. யுனிக் உள்ளே விட்டதை டிக்‌ஷனரி வாசலில் மறித்திருக்கிறது. ஆறு நாளுக்கு முன் நான் கொண்டாடிய அதே குணம்.

முதலாளியின் மகளுக்குப் போன் பண்ணினேன். "அண்ணா, கொட்டாஞ்சேனை எண்டு தேடினன், இல்லை எண்டு வந்தது. அதான் புதுசா சேர்த்தனான்." தேடல் நடப்பது போஸ்ட்கிரெஸில். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, மட்டக்குளி எல்லாம் ஒழுங்காக வந்ததாம். வரும்தானே, அவற்றில் ொ இல்லை. கொள்ளுப்பிட்டி, கொச்சிக்கடை, கொம்பனித்தெரு, பொரளை, ஏன் கொழும்பே வராது.

பழைய பட்டியல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். கணக்குப் பார்க்கும் அக்கா வருடக்கணக்காகப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. பாமினியில் கொம்பு, க, அரவு என்று மூன்று தட்டுத் தட்டுவோம். அதை யூனிகோடாக்கிய ஸ்கிரிப்ட் கொம்பை 'க'வுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அரவோடு சேர்க்காமல் விட்டிருக்கிறது. அந்த ஸ்கிரிப்டை எழுதியவன் யார் என்று இங்கே எழுத விருப்பமில்லை. ஜனவரியில், என் லப்டொப்பில் எழுதப்பட்டது.

பெப்ரவரி 21, வெள்ளி

இரட்டை இடங்களின் ஓர்டர்களை ஒன்றுக்கு மாற்றி, மற்றதை அழித்து, பிறகுதான் சமமான எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் போஸ்ட்கிரெஸின் நோர்மலைஸை ஓட்டினேன். முதலே ஓட்டியிருந்தால் யுனிக் சண்டைக்கு வந்திருக்கும். உள்ளே வருகிற எழுத்தெல்லாம் இனி பொதுப் பாக்கேஜிலேயே சேர்த்தெழுதிய வடிவத்துக்கு மாறும். தேடலும் அதே வழி. தம்பியும் கொட்லினில் அதையே போட்டான். "எனக்கு 12உம் 13உம் எண்டு அப்பவே காட்டியிருக்கும் அண்ணா" என்றான். விட்டுவிட்டேன்.

மிச்சம் இருப்பது வாடிக்கையாளர் பெயர்கள். கௌரி, பௌசியா, மௌலானா. பழைய கோப்பில் இவை கெளரி, பெளசியா, மெளலானா: கொம்பு, பிறகு அசல் ள. இதை எந்த நோர்மலைஸும் சமம் என்று சொல்லாது, ஸ்விஃப்டும் கெளரியை 3 என்றுதான் எண்ணுகிறது. தானாக மாற்றவும் பயம். அப்படி ஓட்டினால் வெள்ளவத்தையில் இருக்கிற கெளரிக்கு நல்லது, 'தெளிவு' போல உண்மையிலேயே ள வருகிற சொல்லுக்கு என்ன ஆகும்?

அக்காவிடம் பட்டியலை அனுப்பினேன். "பாமினியில அப்பிடித்தானே தம்பி அடிக்கிறது" என்றார். 43 பெயர். திங்கட்கிழமை கையால் திருத்தித் தருவாராம்.