சாக்கு போர்த்திய பலகை

சுங்கச்சாலையில் பலகை மாற்றுவது பெரும்பாலும் ராத்திரி வேலை. வண்டிகள் குறைந்ததும் ஒரு தடத்தை அடைப்போம். கோன் வரிசை, அம்பு விளக்கு எரியும் வண்டி, கடைசியாகக் கிரேன். விடிவதற்குள் ஒரு நட்டுகூடத் தரையில் கிடக்கக் கூடாது.

தலைக்கு மேல் சின்னதாகத் தெரியும் பலகையை இறக்கிக் கிடத்தினால் நாலு பேர் படுத்துத் தூங்கலாம். எழுத்து ஒவ்வொன்றும் முக்கால் முழம் இருக்கும். காரணம் வேகம்தான். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிறவர் ஒரு நொடியில் 28 மீட்டர் கடந்துவிடுகிறார். எழுத்து ஒரு செ.மீ. உயரம் இருந்தால் நாலைந்து மீட்டர் தள்ளியிருந்து படிக்கலாம் என்பது எங்கள் கைக்கணக்கு. அப்படிப் பார்த்தால் 30 செ.மீ. எழுத்தைப் படிக்க ஐந்து நொடிதான் கிடைக்கும். அதற்குள் படித்து, முடிவெடுத்து, கண்ணாடி பார்த்துத் தடம் மாற வேண்டும். தவறவிட்டால் திரும்ப வழி கிடையாது, சாலையை விட்டு வெளியேறும் அடுத்த இறக்கம் வரைக்கும் சுங்கமும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

ஒருமுறை பழைய சந்திப்பை மூடிவிட்டு, அதற்கு ஒன்றரை கிலோமீட்டர் முன்னால் புதிய மேம்பாலச் சந்திப்பைத் திறந்தோம். புதிய பலகைகளை முன்கூட்டியே நட்டுக் கறுப்புப் பிளாஸ்டிக்கால் மூடி வைத்திருந்தோம். திறக்கிற இரவில் அவற்றைப் பிரித்துவிட்டுப் பழைய பலகைகளுக்குச் சாக்குப் போர்த்தினோம். இது புது யுக்தி ஒன்றுமில்லை. 1967 செப்டம்பர் 3 அன்று சுவீடன் நாடே இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியபோதும் இப்படித்தான் மூடி வைத்துத் திறந்தார்கள். அங்கே சுமார் 3,60,000 பலகைகள். எங்களுக்கு இருபத்தாறு. அதிலும் ஒன்றை விட்டுவிட்டோம்.

விட்டுப்போனது 'ஊருக்கு 2 கி.மீ.' என்ற பழைய முன்னறிவிப்புப் பலகை. சந்திப்பின் வரைபடம் ஒரு தாளில் இருந்தது, அந்தப் பலகை அடுத்த தாளில். அந்தத் தாளை யாரும் புரட்டவில்லை. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை. பழகிய சாலையில் யார்தான் பலகை பார்க்கிறார்கள்?

புதிய பலகை 'இறக்கம் 500 மீட்டர்' என்றது. அதைத் தாண்டிய கையோடு பழையது '2 கி.மீ.' என்றது. அடிக்கடி வருகிறவர்கள் பழையதையே நம்பினார்கள். பாதிப்பேரின் கைபேசி வரைபடமும் அதற்குத்தான் சாட்சி சொன்னது. புதிய இறக்கத்தை விட்டுவிட்டுப் போய் மூடிய தடுப்பின் முன்னால் பிரேக் அடித்தார்கள். சிலர் ஓரமாகவே பின்னோக்கி வந்தார்கள். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

மூன்றாம் நாள் அடுத்த சுங்கச்சாவடியில் பணம் வாங்குகிற அம்மா போன் செய்தார்.

"சார், சண்டை போடுறது எங்களுக்குப் புதுசில்ல. ஆனா மூணு நாளா எல்லாரும் ஒரே சண்டையைப் போடுறாங்க. என்னன்னு பாருங்க."

நாங்கள் ஏழெட்டுப் பேர் கையெழுத்துப் போட்ட ஆய்வு அறிக்கையில் இல்லாதது அந்த அம்மாவின் ஒரு வரியில் இருந்தது. அன்றிரவே ஏணி வைத்துச் சாக்குப் போர்த்தினோம். அடுத்த வாரம் கிரேன் வந்து கழற்றிப் போனது.

அதற்குப் பிறகு எந்தச் சந்திப்பை மாற்றினாலும், அந்தச் சாலையில் வந்தே இராத ஒருவரை ஓட்டச் சொல்வதை வழக்கமாக்கினேன். கைபேசி கூடாது. கண்ணில் படுகிற பலகையை எல்லாம் உரக்கப் படிக்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து நான் குறித்துக்கொள்வேன். முதலில் அகப்பட்டவன் வேலைக்குச் சேர்ந்து நாலு நாள் ஆன பையன். பனி இறங்கும் நேரம், அதிகாலை நாலு மணி. பரீட்சைக்குப் படிப்பவன்போல ஒவ்வொன்றாக ஒப்பித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் சும்மா இருந்துவிட்டான்.

"என்னப்பா, அதைப் படிக்கலையே?"

"எதை சார்?"

வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கிப் போனேன். பலகை முழுக்கப் பனித்துளி. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப வேண்டிய தாள், டார்ச் அடித்தும் கறுப்பாகவே நின்றது. காரிலிருந்து எனக்கு மட்டும் அது தெளிவாகத் தெரிந்திருந்தது.