ஈசூன், சிங்கப்பூர், ஏப்ரல் 2024

ஏப்ரல் 1, திங்கள்
மகனின் பாலர் பள்ளியில் தமிழ் டீச்சர் போய் மூன்று வாரம். புது டீச்சர் வருகிறார், வருகிறார், வந்துகொண்டே இருக்கிறார்.

ஏப்ரல் 2, செவ்வாய்
குளிக்கும்போது "ஈ, அர், சான்" என்று சீனத்தில் விரல் விட்டு எண்ணினான். தமிழ் நேரத்தில் மூன்று தமிழ்ப் பிள்ளைகளையும் சீன வகுப்பில் உட்கார வைக்கிறார்களாம். பத்து வரை தப்பில்லை. தமிழில் எண்ணினால் ஏழிலிருந்து நேரே ஒன்பதுக்குத் தாவுகிறான். கோபப்படவும் முடியவில்லை, அவ்வளவு அழகாகச் சொல்கிறான்.

ஏப்ரல் 4, வியாழன்
"வீட்டில் நிறையப் பேசுங்கள்" என்றார் தலைமையாசிரியை. வீட்டில்! என் வீட்டுக்காரர் இங்கே பிறந்து, இங்கே தமிழ் படித்து, ஏ வாங்கியவர். பிள்ளையிடம் "செருப்பைப் போடு" என்று மட்டும் வாயில் வராது. கல்வி அமைச்சின் பாலர் பள்ளியில் தினமும் ஒரு மணி நேரம் தாய்மொழி உண்டு. நாலு மணி நேரப் பள்ளி, மிச்ச நேரத்துக்குத் தனி ஏற்பாடு, தனிக் காசு என்று அன்றைக்குத் தட்டிக்கழித்தது நான்தான். இப்போது யாரைச் சொல்ல? ஏப்ரல் முழுக்கத் தமிழ்மொழி விழா வேறு.

ஏப்ரல் 7, ஞாயிறு
பள்ளி தந்த வாசிப்புத் தாள். நாளுக்கு ஒன்றாய் ஏழு கட்டம். வாசித்தது ஒரே நாள். ஏழிலும் கையெழுத்துப் போட்டேன், பேனாவை மாற்றி மாற்றி.

ஏப்ரல் 10, புதன்
நோன்புப் பெருநாள் விடுமுறை. பட்டுக்கோட்டைக்கு வீடியோ கால்.
"சாப்ட்டியாடா தங்கம்?"
"யெஸ், நூடுல்ஸ். பட் ஐ டின்ட் ஃபினிஷ்."
"என்னடி சொல்றான்?"
நூடுல்ஸ் சாப்பிட்டானாம், மீதி வச்சுட்டானாம் என்றேன். அம்மாச்சிக்கும் பேரனுக்கும் நடுவே நான் உட்கார்ந்தே ஆக வேண்டியிருக்கிறது. நான் அடுப்படிக்குப் போனால் இருவரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 12, வெள்ளி
அரை நாள் விடுப்பு போட்டு, வகுப்பில் கதை சொன்னேன். காக்கா, நரி, வடை. பாட்டி மரத்தடியில் வடை சுட்டாள் என்றதும் எழுந்துவிட்டான். "இல்லம்மா, பாட்டி தேக்காவுல வடை சுட்டா!" லிட்டில் இந்தியாவின் சந்தை, தேக்கா. சீனப் பிள்ளைகளும் "தேக்கா, தேக்கா" என்று கத்தின. நரியை மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு
சித்திரை ஒன்று. பொய் வேண்டாம் என்று மூன்று கட்டத்தில் மட்டும் கையெழுத்து. மடியில் ஏறித் தாளைத் தொட்டுத் தொட்டு எண்ணினான்: ஈ, அர், சான்.

ஏப்ரல் 16, செவ்வாய்
பள்ளியிலிருந்து போன். எடுப்பதற்குள் கட்டாகிவிட்டது.