டிக்கெட் கவுண்டர் இல்லாத தேசியப் பூங்கா

மான்செஸ்டரிலிருந்து ஷெஃபீல்டு போகும் சாதாரணப் பயணிகள் ரயிலில் ஏறி ஈடேல் ஸ்டேஷனில் இறங்கினால், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் நிற்கிறீர்கள். வாசல் கிடையாது, டிக்கெட் கிடையாது, செக்போஸ்ட் கிடையாது. காரில் போனால் பார்க்கிங்குக்கு மட்டும் காசு. எதிரே சர்ச், பள்ளிக்கூடம், பப் என்று முழு ஊரே இருக்கிறது. பூங்கா எல்லைக்குள் 35,000-க்கும் அதிகமானோர் குடியிருக்கிறார்கள்.

முதுமலையை மனதில் வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் குடிவந்தவனுக்கு இது முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஊரிலிருந்து வந்த மச்சான் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி மாப்ள, காடு எங்கே?" என்றார். நியாயமான கேள்வி. கண்ணுக்கெட்டிய வரை மொட்டை மலையும் செம்மறி ஆடும்தான்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தேசியப் பூங்கா என்று அறிவிக்கும் நிலத்தில் தனியார் உரிமை எதுவும் மிஞ்சக் கூடாது. எல்லாம் மாநில அரசுக்குப் போய்விட வேண்டும். ஆடு மாடு மேய்க்கவும் கூடாது. முதுமலையில் வனத்துறை வேனில் உட்கார்ந்து பார்க்கலாம், இறங்கக் கூடாது. இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை சாலையிலும் போக்குவரத்துத் தடை. சாலையைக் கடக்கும் யானைகளுக்காக அந்தத் தடையைக் குறை சொல்ல மாட்டேன்.

இங்கே நிலம் பெரும்பாலும் விவசாயிகள், பெரிய எஸ்டேட்காரர்கள், அறக்கட்டளைகள் கையில். பூங்கா ஆணையத்துக்குச் சொந்தமானது மிகக் கொஞ்சம். அப்படியானால் ஆணையத்துக்கு என்னதான் வேலை? ஒரு கிராமத்து விளக்குக் கம்பத்தில், மழைக்கு பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு அறிவிப்பைக் கட்டியிருந்தார்கள். யாரோ வீட்டு ஜன்னலை மாற்ற அனுமதி கேட்டிருக்கிறார், ஆட்சேபணை இருந்தால் ஆணையத்துக்கு எழுதலாம். இதுதான் அவர்கள் அதிகாரத்தின் மையம். யார் என்ன கட்டலாம், கூரைக்கு எந்தக் கல், எந்தக் கொட்டகை வேண்டாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது அவர்கள்தான். நம்மூர் வேட்டைத் தடுப்புக் காவலர் இரவில் காட்டுக்குள் ரோந்து போகிறார். இங்குள்ள ரேஞ்சர் வேலியைத் தாண்ட வைத்திருக்கும் மரப்படி உடைந்தால் சரிசெய்துவிட்டு, நாயைக் கயிற்றில் பிடிக்கச் சொல்கிறார்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பிறந்த விதம். நில உரிமையாளர்கள் வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த, இந்தப் பகுதியிலுள்ள கிண்டர் ஸ்கவுட் மலையில் 1932-இல் மான்செஸ்டர், ஷெஃபீல்டு தொழிலாளர்கள் கூட்டமாக அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது, 1951-இல் பீக் டிஸ்ட்ரிக்ட் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. நடப்பதற்கான உரிமைதான் இங்கே அடித்தளம். தனியார் வயலுக்கு நடுவே மஞ்சள் அம்புக்குறி இருந்தால் யாரையும் கேட்காமல் போகலாம், கேட்டை இருந்தபடியே விட்டுவிட்டால் சரி.

ஆனால் ஓநாயையும் கரடியையும் பல நூறு வருடங்களுக்கு முன்பே ஒழித்துக் கட்டிவிட்டதால்தான் இப்படிக் கைவீசி நடக்க முடிகிறது. பீக் டிஸ்ட்ரிக்ட்டின் பெருமைக்குரிய விலங்கு, குளிர்காலத்தில் வெள்ளையாகும் மலைமுயல். புலி இருக்கும் காட்டில் அம்புக்குறி நட முடியாது என்பது எனக்கும் தெரியும்.

என்னை உறுத்துவது வேறு. இங்கே பூங்காவுக்குள் வாழும் ஆட்டுக்காரர் அந்த நிலக்காட்சியின் பாதுகாவலராக மதிக்கப்படுகிறார், மானியமும் கிடைக்கிறது. முதுமலையைச் சுற்றி வாழும் காட்டுநாயக்கரும் குறும்பரும் யானைப்பாதையை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். 2006 வன உரிமைச் சட்டத்துக்குப் பிறகும் அவர்கள் உரிமை காகிதத்திலிருந்து காட்டுக்குள் போய்ச் சேர இழுபறிதான். வேனில் போகும் எனக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள இன்னொரு தேசியப் பூங்காவான டார்ட்மூரின் விவகாரத்தையும் சொல்ல வேண்டும். அங்குள்ள பொதுமேய்ச்சல் நிலத்தில் இரவு கூடாரம் போட யாருக்கும் உரிமை இல்லை என்று ஒரு நில உரிமையாளர் தம்பதி வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் அவர்கள் ஜெயித்தார்கள், அதே ஆண்டு மேல்முறையீட்டில் தோற்றார்கள், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் கூடாரக்காரர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. எதிர்த்து நின்று வழக்காடியது பூங்கா ஆணையம்! மச்சானிடம் போனில் சொன்னேன். "நம்ம ரேஞ்சர்கிட்ட இதைச் சொல்லிப் பாரு" என்று சிரித்தார்.