பீடிங் தூக்கி நின்றால் கம் போத்தலைத் தொடாதீர்கள்

கார்க் கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடியான ஷட்டருக்குக் கீழே வெளிப்பக்கமாக, கறுப்பிலோ சில்வரிலோ ஓடும் நீளப் பட்டிக்கு எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் பீடிங் என்றுதான் பெயர். அதன் ஒரு முனை தகட்டை விட்டு நான்கைந்து மில்லிமீற்றர் எழும்பி நிற்பதைக் கண்டால் பலருக்கும் கை போவது சுப்பர் கம்முக்கு. இரண்டு சொட்டு விட்டு அமத்திப் பிடித்தால் சரி என்று நினைக்கிறார்கள். வொரண்டி இருக்கிற காரில் அந்த இரண்டு சொட்டோடு, காசில்லாமல் கிடைத்திருக்க வேண்டிய ஒரு பார்ட் கைநழுவிப் போகிறது. கார்க் கம்பனி ஏஜன்டின் ஆள் பீடிங்கைத் தூக்கிப் பார்ப்பதே முன்பு யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று அறியத்தான்.

வொரண்டியை விடுங்கள், வேலைக்கே அது உதவாது. சுப்பர் கம் காய்ந்தால் கண்ணாடி போல இறுகும். பீடிங்கோ வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். இறுகிய கம் அந்த இழுவையைத் தாங்காமல் சில நாட்களில் வெடிக்கும். காயும்போது எழும் ஆவி கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளை படியவிடும். அதை அசிற்றோன் போட்டுத் துடைத்தால் பெயின்டும் சேர்ந்து வரும். ஹார்ட்வெயார் கடைச் சிலிக்கனும் நல்லதல்ல. வினாகிரி மணம் அடிக்கிற வகை காயும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிடுகிறது, பெயின்ட் கீறுப்பட்ட இடத்தில் அது துருவைத் தொடக்கிவிடும். சிலிக்கன் படலம் ஒருமுறை ஏறிய தகட்டில் பிறகு இருபக்கமும் ஒட்டும் டபிள் டேப்பும் ஒட்டாது, பெயின்டும் சரியாகப் பிடிக்காது.

பீடிங் என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு சாமான்கள் இருக்கின்றன. எது கழன்றது என்பதை வைத்துத்தான் யார் பொறுப்பு, எவ்வளவு வேலை என்று சொல்லலாம். ஷட்டருக்கு அடியில் ஓடுவது, பார்ட்ஸ் கவுண்டரில் கேட்டால், பெல்ட் மோல்டிங். உள்ளே மெல்லிய தகடு, மேலே றப்பர் அல்லது பிளாஸ்டிக், கண்ணாடியில் உரசும் பக்கத்தில் வெல்வெட் மாதிரி ஓர் உதடு. குறுக்கே வெட்டினால் கவிழ்த்து வைத்த ‘ப’ போல இருக்கும். கதவுத் தகட்டின் மேல் விளிம்பை அது கவ்விக்கொள்கிறது. பல மாடல்களில் பின்முனையில் ஒரு ஸ்குறூவும் உண்டு, கதவைத் திறந்தால் விளிம்பில் தெரியும். முன்முனை, பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடியின் அடிப்பகுதிக்குள் போய் நிற்கும். ஆகவே முறையாகக் கழற்ற முதலில் பக்கக் கண்ணாடியைக் கழற்ற வேண்டிவரும். தெரியாதவர் நேரே இழுத்து வளைப்பதும் இந்த இடத்தில்தான். உள்தகடு ஒருமுறை வளைந்தால் எவ்வளவு நிமிர்த்தினாலும் பழைய நேர்கோடு வராது.

கதவுச் சட்டத்தைச் சுற்றி மேலே போகும் பட்டி கிளிப்பில் அல்லது டபிள் டேப்பில் நிற்கும். முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவே உள்ள கறுப்புத் தூண் மூடி சில கார்களில் ஸ்குறூவோடு வரும், அந்த ஸ்குறூ றப்பருக்குப் பின்னால் மறைந்திருக்கும். பின்பக்கத்தில் திறக்காமல் நிற்கும் சிறிய கண்ணாடியின் ஓரம் பல மாடல்களில் கண்ணாடியோடு சேர்த்து வார்க்கப்பட்டது, அதைத் தனியாக மாற்ற வழியில்லை. கண்ணாடியையே வெட்டி எடுத்துத் திரும்ப ஒட்ட வேண்டும். வொரண்டியில் கேட்டு வாங்குவதற்கு மிகவும் பெறுமதியானது இதுதான். முன் விண்ட்ஸ்கிறீனைச் சுற்றிய றப்பர் வேறு கதை. இன்சூரன்சில் கண்ணாடி மாற்றிய காராக இருந்தால் கார்க் கம்பனியிடம் போய்ப் பயனில்லை, மாற்றிய இடந்தான் பதில் சொல்ல வேண்டும். ஷட்டருக்கு மேலே மழைக்காகப் பூட்டும் டோர் வைசரும் அப்படியே. காரை ஒப்படைக்கும்போது ஏஜன்ட் பூட்டியதென்றால் இன்வொய்சில் அது இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் வாங்கிப் பூட்டியதைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் இது அடிக்கடி கழல்வதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. பிளாஸ்டிக் இரும்புத் தகட்டைவிடப் பல மடங்கு விரியும். கச்சான் என்ற சூடான மேல்காற்று வீசுகிற மாதங்களில் பகல் முழுக்க வெயிலில் நிற்கும் காரில் பீடிங் நீண்டு நீண்டு சுருங்கி, பிடிமானம் முதலில் முனையில் விடும். கல்லடி, காத்தான்குடி, கல்முனை, திருக்கோவில் என்று கரையோரத்தில் நிற்கும் கார்களில் உப்புப் பிசுபிசுப்பு அந்தக் கவிழ்த்த ‘ப’வுக்குள் தங்கும். உள்தகடு இரும்பென்றால் துரு பருத்து வாயை அகட்டிவிடும். பாசிக்குடாப் பக்கம் போய்வந்த மணல் உதட்டில் ஏறினால், ஷட்டரை இறக்கி ஏற்றும் ஒவ்வொரு தடவையும் பீடிங் மேலே தள்ளப்படும். பொடி வோஷில் பிரஷர் கன்னை ஒரு சாண் தூரத்தில் வைத்துக் கீழிருந்து மேலே அடிப்பது இன்னொரு காரணம். டின்ட் ஒட்டுகிறவர் ஸ்டிக்கரைச் செருகுவதற்காகப் பீடிங்கை நெம்புவதும் நடக்கும். அம்பாறைப் பக்கம் குரங்குகள் றப்பரை இழுத்துக் கடிப்பதும் உண்டு. பல் அடையாளம் இருந்தால் அது வொரண்டிக்குள் வராது, இன்சூரன்ஸ்காரரிடந்தான் கேட்க வேண்டும்.

வொரண்டிக் கையேட்டில் இரண்டு இடங்களைக் கட்டாயம் வாசியுங்கள். ஒன்று, சரிப்படுத்தும் வேலைகளுக்கான காலம். மூன்று வருடம் என்று அட்டையில் போட்டிருந்தாலும் சத்தம், இடைவெளி, பொருத்தம் போன்றவற்றுக்கு முதல் 12 மாதந்தான் என்று உள்ளே தனியாகப் போட்டிருப்பதுண்டு. மற்றது, விலக்குப் பட்டியல். உப்பு, பறவை எச்சம், மரப்பால், கல் தெறிப்பு எல்லாம் சுற்றாடல் பாதிப்பு என்று அங்கே இருக்கும். கரையோரத்துக் கார் என்றதும் முதலில் காட்டப்படுவது அந்த வரிதான்.

அதற்குச் சரியான பதில் மற்ற மூன்று கதவுகளிடமும் இருக்கிறது. உப்புக் காற்று நான்கு கதவிலும் ஒரே மாதிரித்தான் படுகிறது. ஒன்று மட்டும் கழன்று மற்ற மூன்றும் இறுக்கமாக, துருவில்லாமல் நின்றால் அந்தக் கதவில் கிளிப்போ, டேப்போ, பொருத்திய விதமோ பிழை என்று சொல்ல உங்களுக்கு நியாயம் உண்டு. ஆகவே எல்லாப் பீடிங்கையும் பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு தடவை கட்டைவிரலால் அழுத்தி, எங்கே ஆடுகிறது, எங்கே ஆடவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கும் சேர்ந்து கழன்று உள்ளே துருவும் தெரிந்தால் கேட்பது கடினம், இருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம்.

படம் எடுக்கும்போது அடிமட்டம் ஒன்றைப் பீடிங்கோடு ஒட்டிப் பிடித்து இடைவெளி தெரிய எடுங்கள். நம்பர் பிளேட்டோடு முழுக் காரும் ஒரு படத்தில் வர வேண்டும், மீற்றரில் ஓடிய கிலோமீற்றர் இன்னொன்றில். எதிர்ப்பக்கக் கதவின் அதே இடத்தையும் எடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும். காரைக் கழுவ முன் எடுத்தால் இன்னும் நல்லது. மணலும் தூசும் படிந்த கோடு எவ்வளவு காலமாகத் திறந்திருக்கிறது என்பதைக் காட்டும்.

காற்றுச் சத்தம் இருந்தால் அது பீடிங்கிலிருந்துதான் வருகிறதா என்று உறுதிசெய்ய ஒரு மாஸ்கிங் டேப் சுருள் போதும். கச்சான் எழும்ப முன், காலையில், அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் போகும் வீதி மாதிரி நேரான துண்டில் மணிக்கு 70 கிலோமீற்றரில் ஒருதரம் ஓடிப் பாருங்கள். பிறகு பீடிங்கின் முழு நீளத்தையும் டேப்பால் மூடி அதே வீதியில் அதே வேகத்தில் ஓடுங்கள். சத்தம் நின்றால் பீடிங். நிற்காவிட்டால் கதவு றப்பரையோ பக்கக் கண்ணாடியின் அடியையோ பார்க்க வேண்டும். முன்முனை தூக்கியிருந்தால் காலம் தாழ்த்த வேண்டாம். காற்று அடியில் புகுந்து பட்டியை உரித்துவிடும், பின்னால் வரும் மோட்டர் சைக்கிள்காரருக்கு அது ஆபத்து. பின்முனை தூக்கியதென்றால் படபடக்கும், அவ்வளவு அவசரமில்லை.

மழைத் தண்ணீர் கதவுக்குள் போவதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். கொஞ்சத் தண்ணீர் எல்லாக் கார்க் கதவுக்குள்ளும் போகும், கீழ் விளிம்பில் உள்ள துளைகளால் வெளியே வரும். கதவு வடிவமைக்கப்பட்டதே அப்படித்தான். பீடிங் கழன்றால் தண்ணீரோடு மணலும் போய் அந்தத் துளைகளை அடைக்கிறது. மாரி தொடங்கியபிறகு கதவைத் திறக்கும்போது உள்ளே தண்ணீர் அலைகிற சத்தம் கேட்டால் துளை அடைபட்டுவிட்டது என்று அர்த்தம். பவர் ஷட்டர் மோட்டரும் ஸ்பீக்கரும் அந்த ஈரத்தில்தான் கெடுகின்றன. அதையும் முறைப்பாட்டில் சேருங்கள்.

மட்டக்களப்பிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். பெரிய சேர்விஸ் நிலையத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியவர்கள் ஒரே பயணத்தில் வேலையை முடிக்கப் பார்க்க வேண்டும். படங்களையும் செசி நம்பரையும் வட்ஸ்அப்பில் முதலே அனுப்பி, பார்ட் கையிருப்பில் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஓடர் போட வைத்து, பார்ட் வந்துவிட்டது என்று எழுத்தில் பதில் வந்தபிறகே காரை எடுங்கள். வழமையான சேர்விஸ் நாளோடு பொருத்திக்கொண்டால் எண்ணெய்ச் செலவு மிஞ்சும். அதுவரை தூக்கிய முனையை மாஸ்கிங் டேப்பால் பிடித்து வைக்கலாம். சாதாரண மஞ்சள் டேப்பை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், வெயிலில் கிடந்தால் பசை பெயின்டோடு இறுகிவிடும். டக்ட் டேப் வேண்டாம்.

சேர்விஸ் நிலையத்தில் வேலை விபரம் எழுதும் ஜொப் கார்ட்டில் ‘காற்றுச் சத்தம்’ என்று மட்டும் எழுதவிடாதீர்கள். ஓட்டிப் பார்த்தோம், சத்தமில்லை என்று மூடிவிடலாம். ‘முன் இடது கதவு, வெளிப் பெல்ட் மோல்டிங், பின்முனை 4 மில்லிமீற்றர் எழும்பியுள்ளது’ என்று எழுதச் சொல்லிப் பிரதி ஒன்றை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதம் இருந்தால்தான் அடுத்த படி சாத்தியம். கம்பனியின் தலைமை அலுவலகத்திலும் தீராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது, தொலைபேசி 1977.

வேலை நடக்கும்போது ‘பழைய பீடிங்கையே திரும்பப் பூட்டித் தருகிறோம்’ என்றால் சம்மதிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஒருமுறை வாய் அகன்றது திரும்ப இறுகாது. கிளிப்புகளும் அப்படியே. கழற்றிய கிளிப் அத்தனையும் புதிதாக மாற வேண்டும், உடைந்த துண்டு கதவுக்குள் விழுந்து கிடந்தால் பிறகு கிலுகிலு என்று ஒரு சத்தம் உங்களை அலைக்கழிக்கும். டேப்பில் நிற்கும் வகையென்றால் பழைய பசை முழுதும் போய், ஐசோபுறொப்பைல் அல்ககோலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, அக்றிலிக் ஃபோம் டேப் போட வேண்டும். 21 முதல் 38 பாகை செல்சியசுக்குள் ஒட்டுவது நல்லது. வெயிலில் கொதிக்கும் தகட்டில் ஒட்டினால் பிடிக்காது, காலையில் நிழலில் செய்யச் சொல்லுங்கள். அந்த டேப்பின் பிடி 20 நிமிடத்தில் ஏறத்தாழ பாதி, 24 மணித்தியாலத்தில் 90 வீதம், முழுப் பலம் வர 72 மணித்தியாலம். வேலை முடிந்ததும் ‘கழுவித் தருகிறோம்’ என்று அன்போடு சொல்வார்கள், மறுத்துவிடுங்கள். மூன்று நாளைக்குப் பிரஷர் கன் படக்கூடாது.

காரை எடுக்கும்போது முன் கதவுப் பீடிங்கும் பின் கதவுப் பீடிங்கும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா, விளிம்பில் பெயின்ட் கீறப்பட்டிருக்கிறதா, பின்முனை ஸ்குறூ இருக்கிறதா என்று பாருங்கள். ஷட்டரை மூன்று தரம் இறக்கி ஏற்றுங்கள்.

வெளிநாட்டில் ஓடி இங்கே இறக்குமதியாகும் ரீகண்டிஷன் கார் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025இல் திறந்தபிறகு இப்படியான கார்கள் நிறைய வந்திருக்கின்றன. விற்றவர் கொடுக்கும் வொரண்டி பெரும்பாலும் எஞ்சினோடும் கியர் பொக்சோடும் நின்றுவிடும், எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் பார்ட்டைச் செசி நம்பர் கொடுத்தே வாங்க வேண்டும். டொயோட்டாவில் பெல்ட் மோல்டிங் நம்பரின் முதல் ஐந்து இலக்கம் முன் வலது 75710, முன் இடது 75720, பின் வலது 75730, பின் இடது 75740. கொழும்பில் கார்ப் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் யாரையாவது வாங்கிவரச் சொல்லும்போது இதை ஒத்துப் பார்த்தால் பக்கம் மாறி வராது. பழைய பார்ட் எடுப்பதென்றால் உள்தகடு வளைந்திருக்கிறதா என்று நேரே கண்ணால் நோக்குங்கள், அஞ்சலில் மடித்து வருவது உதவாது.

பீடிங்குக்கு டீசலோ தேங்காய் எண்ணெயோ பூசவிடாதீர்கள். கறுப்பு மினுங்கும், ஆனால் றப்பர் எண்ணெயைக் குடித்து ஊதிப் பிடியை விடும். கரைக்குப் போய்வந்த அன்று நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவுங்கள்.

வொரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது நான்கு கதவையும் திரும்ப அழுத்திப் பாருங்கள். எங்கேயாவது ஆடினால் அன்றே எழுத்தில் முறையிட்டு, திகதி போட்ட ஜொப் கார்ட் பிரதியை வாங்கிவிடுங்கள். பார்ட் வர இரண்டு மாதம் எடுத்தாலும், முறையிட்ட நாளில் வொரண்டி இருந்தது என்று அந்தத் திகதியைக் காட்டிக் கேட்கலாம்.